அடித்தார் என்று எழுதவும்

செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரி முத்தமிழ் நற்பணி மன்றத்தில் உறுப்பினர்களைவிடப் பொறுப்பாளர்கள் அதிகம் என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். அது பொறாமையில் சொல்வது. இரண்டும் சமம். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடிப் பொங்கல் வைப்பதற்காக ஆரம்பித்த மன்றம் அது. பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு பதவி கொடுக்க வேண்டியிருந்ததால், இன்று மன்றத்தில் பொன்னாடைக் கொள்முதல் செயலாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு துணைச் செயலாளரும் உண்டு.

மன்றத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொறுப்பாளர்களைப் பற்றி யார் பேசினாலும் எழுதினாலும் ‘ஆர்’ போட்டுத்தான் சொல்ல வேண்டும். வந்தார், சொன்னார், சாப்பிட்டார். மற்றவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நானும் பழைய உறுப்பினன் என்பதால் முடிந்தவரை அந்த வழக்கத்தை மீறாமலே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பேகம்பேட்டில் இருக்கும் ஒரு கம்பெனிக்காரர்கள் மன்றத்தைத் தேடி வந்தார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்த அவர்களிடம் ஒரு நிதி இருந்தது. மார்ச் முடிவதற்குள் அது தீர்ந்தாக வேண்டும். வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண் வெளியே வந்து வாய் திறந்து சொல்ல வேண்டும், ஊர் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அதுதான் விழாவின் நோக்கம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். விழா முழுவதும் இணையத்தில் நேரலையாகப் போக வேண்டும். பிறகு அவர்கள் சொல்லும்வரை அதை அழிக்கக் கூடாது.

தலைவர் சாரங்கபாணி ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். விழாவுக்கு அவரே தலைப்பு வைத்தார்: ‘மௌனம் கலை’. பெரிய எழுத்தில் பேனர் அடித்து வந்தது. அதைப் பார்த்த இலக்கிய அணித் தலைவர் புலவர் சுப்பிரமணியம் மனம் நெகிழ்ந்து, அன்றைக்கே பேச்சாளர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிவிட்டார். ‘மௌனம் என்னும் அருங்கலை குறித்துத் தாங்கள் உரையாற்ற வேண்டும்.’

விஷயம் தெரிந்ததும் அவசரக் கூட்டம் கூடியது.

“கலைன்னா கலைக்கணும்னு அர்த்தம் சார். போ, வா, உட்காரு, கலை!” என்றார் தலைவர்.

“ஓவியம் கலை. நடனம் கலை. மௌனம் கலை,” என்றார் புலவர். “எழுவாய், பயனிலை. இலக்கணம் இடம் கொடுக்கிறது. தலைவர் இடம் கொடுக்க மறுக்கிறார்.”

மகளிர் அணித் தலைவி மங்களம் புலவர் பக்கம் சாய்ந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் வேரூன்றிய குடும்பம், தமிழில் அந்த ஊர் உருதும் கலந்து வரும். “ஹவ், அதுவும் சரிதானே? வீட்ல ஒரு பொம்பளை பேசாம இருக்கறது என்ன லேசுப்பட்ட கலையா? எத்தனை பேருக்கு வரும்?”

கூட்டம் இரண்டுபட்டது. ஒருவர் மன்றத்தை உடைக்கப்போவதாகச் சொன்னார். அப்போதுதான் கலாசாரச் செயலாளர் ஷ்யாம் எழுந்தார். மன்றத்தின் நட்சத்திரப் பேச்சாளர், பெரிய கம்பெனியில் மேனேஜர், எப்போதும் சிரித்த முகம். “எதுக்குச் சண்டை? பட்டிமன்றமா வெச்சுடலாம். மௌனம்: கலையா, களையா?” என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மௌனம் பிடுங்கி எறிய வேண்டிய களையே என்ற அணிக்கு ஷ்யாமே தலைமை ஏற்பதாகவும் முடிவாயிற்று. மன்றத்தில் பாதிப் பேருக்கு ல, ள வித்தியாசம் வாயில் வராது என்பதை அந்த உற்சாகத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஷ்யாமின் மனைவி பெயர் சுபாஸ்ரீ. ஈரோட்டுப் பக்கம். பேகம்பேட்டில் ஒரு ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. வீடு அடுக்ககத்தில், சுபாஸ்ரீயின் பெயரில் வாங்கியது. கீழ் வீட்டில்தான் மங்களம் இருக்கிறார். ஷ்யாம் சுபாஸ்ரீயை அடிப்பார். எனக்கு இந்த ‘ஆர்’ தொண்டையில் சிக்குகிறது, ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். குழம்பில் உப்புக் கூடினால் அடிப்பார். ஆபீசிலிருந்து பஸ் தாமதமானால் அடிப்பார். பட்டிமன்றத்தில் எதிரணி ஜெயித்துவிட்டால் அன்று குழந்தையைச் சீக்கிரமே தூங்க வைத்துவிட வேண்டும்.

சுபாஸ்ரீ ஒருநாள் துணிந்து செகந்திராபாத்தில் சுமலதா என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தாள். சுமலதா தெலுங்குக்காரர். ஷ்யாம் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு கேட்கலாம், மனு தயார் செய்கிறேன் என்றார். “நீ சொல்றதே போதும். ஆனா அந்த ஆள் பேச்சாளர்னு சொல்றே. நீ தானா விழுந்தேன்னு கதை கட்டுவார். உன் வீட்டுச் சத்தத்தைக் கேட்ட ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டேன்னு சொன்னா அந்தக் கதை நிக்காது. அப்படி யாராவது இருக்காங்களா?”

இருந்தார். சுபாஸ்ரீயின் கூடத்தில் ஒரு ஸ்பூன் விழுந்தாலும் மங்களத்தின் கூரையில் கேட்கும்.

“ஆன்ட்டி, எனக்காக ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க,” என்று சுபாஸ்ரீ போய் நின்றாள். “அவரு அடிச்சுட்டாருங்க. உங்களுக்குக் கேட்டிருக்குமுங்க.”

வாங்கிய ஓர் அடிக்கு அவள் ஊர்த் தமிழில் இரண்டு மரியாதை. ‘ஆர்’ ஒன்று, ‘ங்க’ ஒன்று.

மங்களம் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். “நான் மகளிர் அணித் தலைவிம்மா. எனக்கு எல்லாப் பொம்பளைங்களும் ஒண்ணு. ஒருத்திக்காக மட்டும் நான் சாட்சி சொன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க? கோர்ட்டு, போலீஸ் எல்லாம் நக்கோ, வேணாம். ஞாயித்துக்கிழமை நம்ம விழா இருக்கே! பேசறதுக்குன்னே வெச்ச விழா. அங்க வந்து பேசேன்.”

சுபாஸ்ரீ அதை நம்பினாள். பேனரில் அப்படித்தான் போட்டிருந்தது. நோட்டீசிலும் ‘சகோதரிகளே, பேசுங்கள்! நாங்கள் கேட்கிறோம்!’ என்று இருந்தது. அச்சில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்கிற பெண் அவள். மறுநாளே தலைவர் வீட்டுக்குப் போனாள்.

“பேசணும்மா! கண்டிப்பா பேசணும்!” தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உன்னை மாதிரிப் பெண்கள்தான் முன்வரணும். எதைப் பத்திப் பேசப்போறே?”

“என்ற வீட்டுக்காரரு அடிக்கறதைப் பத்திங்க.”

“யாரு வீட்டுக்காரர்?”

“என்ற வீட்டுக்காரருங்க.”

தலைவருக்கு வியர்த்தது. “நம்ம ஷ்யாமா? என்னம்மா சொல்றே, நல்லாப் பேசுவாரே!” என்றார். எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு தெளிந்தார். “சரி. இதை நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன், ஷ்யாம்கிட்டகூட. விழாவுக்கு முன்னாடி அவர் மனசு சங்கடப்பட்டா பட்டிமன்றம் படுத்துடும். நீ பேசலாம். ஆனா மன்றத்துக்குன்னு ஒரு முறை இருக்கு. எழுதிக் கொடுத்துடு, புலவர் பார்த்துத் திருத்துவார். ஊர், பேர் எதுவும் வரக் கூடாது. சோகம் அதிகம் வேண்டாம், சாப்பாடு இருக்கு. எந்தப் பிரிவுல போடட்டும், கவிதையா, உரைவீச்சா?”

“நடந்ததுங்க.”

“அந்தப் பிரிவு இல்லையேம்மா,” என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு.

சுபாஸ்ரீ ஒரு பக்கம் எழுதிப் புலவரிடம் கொண்டுபோனாள். பேச்சில் வராத துணிச்சல் பேனாவில் வந்திருந்தது. ‘என் கணவர் என்னை அடித்தான்’ என்று தொடங்கியிருந்தாள். புலவர் முதல் வரியிலேயே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

“கணவர் என்றால் அடித்தார். அடித்தார் என்று எழுதவும்.”

“அடிச்ச மனுசனுக்கு மரியாதை வேணுமுங்களா அய்யா?”

“மரியாதை அவருக்கு இல்லையம்மா, மொழிக்கு. எழுவாயில் அர் இருந்தால் பயனிலையில் ஆர் இருக்க வேண்டும். அடித்தான் என்றே எழுத ஆசையென்றால் கணவன் என்று தொடங்க வேண்டும். அது அவைக்கு ஒவ்வாது.” புலவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இன்னொரு சிக்கல். அடி என்ற சொல்லுக்குப் பாதம் என்றும் பொருள், செய்யுளின் வரி என்றும் பொருள். நீங்கள் வாங்கியது எந்த அடி என்று அவை மயங்கும்.”

“கன்னத்துல வாங்கினதுங்க.”

“அது பேச்சு வழக்கு,” என்றார் புலவர்.

நாலு பத்தியும் சிவப்பாகித் திரும்பி வந்தன. கடைசிப் பத்தியில் ‘யாராவது ஒருத்தர் எனக்காகச் சொல்லுங்கள்’ என்று அவள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘வாழ்க மகளிர்!’ என்று முடித்திருந்தார். விழாவுக்கு முந்தின நாள் தலைவர் போன் செய்து, நேரம் போதாததால் அந்த ஒரு பக்கமும் மன்ற மலரில் மட்டும் வரும், மேடையில் வராது என்றார். மலர் பொங்கலுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் வாடகை மண்டபம். குழந்தைகள் இறைவணக்கத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு தமிழில் பாடினார்கள். மகளிர் அணி சமையலறையில் இருந்தது. பேனருக்குக் கீழே, வன்முறைக்கு ஆளான சகோதரிகளுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மௌனம் கலைக்கும் விழா இப்படி மௌனத்தோடு இனிதே தொடங்கியது. கம்பெனியிலிருந்து வந்த பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. அவரும் எழுந்து நின்றார்.

நடுவர் இருக்கையில் புலவர் அமர்ந்தார். முதலில் கலை அணி பேசியது. பேசாமலிருப்பது பெண்ணின் ஆபரணம் என்றார் ஒருவர். தன் மனைவி இருபது வருடமாகத் தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, அது அவளுடைய தவம் என்றார் இன்னொருவர். அந்த அம்மாள் சமையலறையில் இருந்ததால் கருத்துக் கேட்க முடியவில்லை. அடுத்துக் களை அணி பேசியது. அவர்களும் ‘மௌனம் கலையே’ என்றுதான் உச்சரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவை இருவருக்கும் சமமாகக் கை தட்டியது.

பிறகு ஷ்யாம் எழுந்தார். பட்டு ஜிப்பா. ள சுத்தமாக வரும் ஒரே பேச்சாளர் அவர்தான்.

“பெண்ணே! உன் கன்னத்தில் விழுந்த அறை உன் கன்னத்தில் விழுந்ததல்ல. இந்தச் சமூகத்தின் கன்னத்தில் விழுந்தது!”

மூன்றாவது வரிசையில் சுபாஸ்ரீ தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை விழுந்தது அவள் கன்னத்தில்தான். நன்றாக நினைவிருந்தது.

“ஏன் பேச மறுக்கிறாய்? யாருக்குப் பயப்படுகிறாய்? இதோ கேட்கிறேன், இந்த அரங்கத்தில் ஒரு பெண், ஒரே ஒரு பெண், எழுந்து வந்து பேசட்டும்! அவள் காலில் விழுந்து வணங்க இந்த ஷ்யாம் காத்திருக்கிறான்!”

கைதட்டல் கூரையைத் தொட்டது. இந்த மாதிரிக் கேள்விக்கு யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது மேடை பழகிய எல்லோருக்கும் தெரியும். சுபாஸ்ரீக்கு மேடை பழக்கமில்லை. எழுந்து நடந்து வந்து மைக்கைப் பிடித்தாள். மைக் கரகரத்தது.

“போன செவ்வாக்கெழம என்ற கணவர் என்னைய அடிச்சான்.”

புலவரின் கை தன்னையறியாமல் மணியை அடித்தது. “கணவர் அடித்தார். இல்லையேல் கணவன் அடித்தான். ஏதாவது ஒன்று!”

சுபாஸ்ரீ அவர் பக்கம் திரும்பினாள்.

“சரிங்கய்யா. கணவன். அடிச்சான்.”

மண்டபம் கொதித்துப் போயிற்று. அடி என்ற சொல்லுக்கு ஒருவரும் அசையவில்லை; ‘ஆன்’ என்றதும் ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். தாலி கட்டினவரை அவன் இவன் என்பதா என்றார் பொன்னாடைக் கொள்முதல் செயலாளர். மன்ற வரலாற்றிலேயே ஒரு பொறுப்பாளரின் ‘ஆர்’ பொதுமேடையில் உருவப்பட்டது இதுதான் முதல் தடவை. எனக்கும் அப்போதுதான் தொண்டை சரியானது. இனி யாருக்கு எந்த மரியாதை என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஷ்யாம் சிரித்தான். அவனுக்கு மேடையில் திகைத்து நின்று பழக்கமே கிடையாது. இன்னொரு மைக்கை எடுத்து, “பாராட்டுங்கள்! நம் விழாவுக்காக என் மனைவி தயாரித்த ஓரங்க நாடகம்!” என்றான். அவைக்கு உயிர் வந்தது. விழுந்து விழுந்து கை தட்டினார்கள். கம்பெனிப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் ஓயும்வரை சுபாஸ்ரீ அப்படியே நின்றார். “நாடகம் இல்லீங்க,” என்றார். “கேட்டவங்க இங்கயே இருக்காங்க. கீழ் வீட்டு மங்களம் ஆன்ட்டி. அவங்ககிட்டக் கேளுங்க.”

மங்களம் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். எல்லாத் தலையும் திரும்பியதும் அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மேடைக்கு ஏறி ஷ்யாம் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“என்னை எதுக்கு இழுக்கறே? நாலு வருஷமா உன் காலுக்குக் கீழேதான் குடியிருக்கேன். ஒருநாள், ஒரு பொழுது, உன் மானத்தை நான் வாங்கியிருப்பேனா? அவர் கத்தறது கேக்கும். நீ அய்யோ அம்மான்னு அலறறது கேக்கும். செவ்வாக்கிழமை நீ விழுந்து சுவத்துல மோதினியே, எங்க வீட்ல போட்டோவே கீழ விழுந்துடுச்சு. உன் குழந்தை தெலுங்குல ‘கொட்டொத்து நான்னா’, அடிக்காதே அப்பான்னு அழுததே, அதுகூடக் கேட்டுச்சு. இவ்வளவும் கேட்டுட்டு நான் வாயைத் திறந்தேனா? டிவியைச் சத்தமா வெச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நாகரிகம் உனக்கு இருக்கா? புருஷனைப் போய் அவன் இவன்ங்கறே!”

சிலர் கை தட்ட ஆரம்பித்தார்கள். பாதியில் நிறுத்தினார்கள். ஷ்யாம் சிரித்துக்கொண்டிருந்த வாயை எப்படி மூடுவதென்று தெரியாமல் நின்றான்.

“ரொம்ப நன்றிங்க ஆன்ட்டி,” என்றார் சுபாஸ்ரீ. “இவ்வளவுதானுங்க எனக்கு வேணும்.”

தான் சொன்னது என்னவென்று மங்களத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கேமராவைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், கடைசியில் கரண்டியைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாத தலைவர், தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். “அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம்!” என்றார். எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். ஷ்யாமும் நின்றான். அந்த நேரத்தில் சுபாஸ்ரீ குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே போனார்.

அன்றைக்கே வீடியோவை அழித்துவிடத் தலைவர் ஆளாய்ப் பறந்தார். நிபந்தனை இடம் கொடுக்கவில்லை. வக்கீல் சுமலதாவுக்கு அது போய்ச் சேர்ந்தது. கோர்ட்டுக்காகத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்க்க ஆள் தேடியபோது, அங்கே அந்த வேலையைச் செய்துவந்தவர் புலவர் சுப்பிரமணியம்தான். ஒரு சொல் கூடாமல் குறையாமல் பெயர்த்துக் கொடுத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடித்தார் என்பதற்கும் அடித்தான் என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் என்பது அவரைப் பல நாள் வாட்டியது. வெள்ளைக்காரனுக்கு மரியாதை தெரியாது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷ்யாம் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மன்றத்தில் அவன் இன்னும் கலாசாரச் செயலாளன்தான். கோர்ட்டு விஷயம் வேறு, கலாசாரம் வேறு என்று தலைவர் விளக்கம் கொடுத்தார். ஒரு பெண் உண்மையிலேயே எழுந்து பேசிய ஒரே விழா என்று கம்பெனி மன்றத்துக்குக் கேடயம் வழங்கியது. தலைவர் போய் வாங்கிக்கொண்டு, குழுப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். புகைப்படத்தில் சுபாஸ்ரீ இல்லை. குடும்ப உறுப்பினர் அட்டை கணவன் பெயரில் இருந்ததால் அவர் இப்போது மன்றத்தில் உறுப்பினரே இல்லை.

போன வாரம் மங்களம் ஒருவழியாக வாய் திறந்தாள். அடுக்ககச் சங்கத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறாள். மேல் வீட்டில் சாயங்காலமானால் அந்தக் குழந்தை கயிறு தாண்டி விளையாடுகிறதாம், தாயும் மகளும் சத்தம் போட்டுச் சிரிக்கிறார்களாம், கீழே குடியிருக்கிறவர்களால் தாங்க முடியவில்லையாம்.